உமிசோவுக்குக் கடைசி இடம்

ஆகஸ்ட் 22, தோக்கியோ

அக்கா,

கடிதம் என்றால் முதலில் வெயிலைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். இன்று அதற்கெல்லாம் மனம் வரவில்லை. உன் கைபேசியும் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கல்யாண அழைப்போடு வைத்த பதில் அட்டை வந்து சேர்ந்தது. 'வர இயலாது' என்பதை வட்டமிட்டிருக்கிறாய். உன் மரியாதைக்கு நாங்கள் அச்சிட்ட சொல்லை, பணிவு காட்டும் முறைப்படி அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறாய். ஓரத்தில் 'வாழ்த்துகள்'. அலுவலக மேலாளர் அனுப்பியதுபோல அவ்வளவு ஒழுங்கு. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சிகுசா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூடப்பிறந்த அக்காவே வரலைன்னா எப்படி? நீ என்ன பண்ணி வச்ச?" என்று கேட்டாள். நான்கு மாதத்தில் கைப்பிடிக்கப் போகிறவளிடம் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது.

உனக்கு முழுதாகச் சொல்கிறேன். எங்கள் இணையதளத்தில் வந்த 'இகிமோவின் படுமோசமான பத்து நிலங்கள்' என்ற பட்டியலை எழுதியவன் நான்தான். இகிமோ இருபத்தைந்து வருஷமாக வரும் வீடியோ விளையாட்டு, பாகத்துக்கு ஒரு புது நிலம், புதரில் நடந்து பிராணிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். அதில் எந்த நிலம் மட்டம் என்று வளர்ந்த ஆட்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மார்க் போட்டோம். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உமிசோ கடைசி இடத்துக்கு வரவே இல்லை அக்கா. தளத்தின் ஆசிரியர் வகுயி அதற்குக் கீழிருந்து நாலாவது இடம் கொடுத்திருந்தார். இன்னொருவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அப்போது வகுயி என்னைப் பார்த்து, "உமிசோ உங்க அக்கா வரைஞ்ச நிலம்தானே, சுசாகி? நீ என்ன சொல்ற?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. "அய்யோ, அது நம்ம வீட்டுச் சரக்கு. கடைசியில தள்ளிடுங்க" என்றேன். சிரித்தார்கள். தள்ளிவிட்டார்கள். எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

வெளி ஆட்கள் முன்னால் நம் ஆளை நாமே எப்படிப் புகழ்வது? வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். மன்னித்துவிடு. தொராயா கடையில் யோகான் இனிப்பு வாங்கிக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து வாங்கிக்கொள்.

ரியோஹே

*

ஆகஸ்ட் 28, கியோத்தோ

ரியோஹே,

யோகானைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் இனிப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்து தலை குனிந்து நிற்க வேண்டும். கனமான யோகானைத் தேர்ந்தெடுப்பதே சுமந்து வருகிறவன் கைக்கு வலிக்கட்டும் என்பதற்குத்தான். உனக்குப் பதில் கூரியர் பையன் சுமந்தான். அவன் என்னடா பாவம் செய்தான்?

'வரைபடம் போட்டவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவே இல்லை போலும்.' உன் வரிதான். நன்றாக ஓடியது. விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் என் பெயரைத் தேடிப் பிடித்து, சாப்பாடு முடிந்ததா என்று படித்தவர்கள் நாளெல்லாம் செய்தி அனுப்பிக் கேட்டார்கள். அதனால்தான் கைபேசியை அணைத்தேன்.

அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடுவேன். அடுத்த பாகத்துக்குத் தலைமை வரைபடம் எனக்கென்று வசந்தத்தில்தான் சொல்லியிருந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை, கல்யாணத்தன்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போன வாரம் இயக்குநர் உன் பட்டியலை அச்சிட்டு மேசைமேல் வைத்தார். "வெளியில ஆயிரம் பேர் சொல்லட்டும், பரவாயில்ல. சொந்தத் தம்பியே சொல்றாரே, சுசாகி" என்றார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு இப்போது குகைகளின் உள்பக்கம் மட்டும்.

நீ சொன்னதை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கடையில். நாற்காலியில் யாராவது முடிவெட்ட உட்கார்ந்து, "உங்க பொண்ணு நல்லா வரையுதாமே" என்று சொல்லிவிடக் கூடாது. "எங்கே, அது ஒண்ணுத்துக்கும் உதவாது" என்று கத்தரி நிற்காமல் சொல்வார். நான் மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருப்பேன். அது பண்பு என்று எனக்கும் தெரியும். பிறர் பிள்ளையை உயர்த்தி நம் பிள்ளையைத் தாழ்த்த வேண்டும். ஆனால் கடை பூட்டின பிறகாவது வேறு ஒன்று சொல்ல வேண்டும் இல்லையா? அவர் சொன்னதே இல்லை. ஹமாதா ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் முடிவெட்டினார். பாதி ஊருக்கு நான் உதவாதவள்.

கல்யாணத்தில் சடங்குக்கு முன்னால் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நிற்கும். அப்பா ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். என் முறை வரும்போது அதையே சொல்வார். நீ பக்கத்தில் தலை குனிந்து நிற்பாய். அதற்காக நான் கல்யாணத்துக்குரிய கறுப்புக் கிமோனோ கட்டிக்கொண்டு தோக்கியோ வர வேண்டுமா? வரவில்லை.

கனாயே

*

செப்டம்பர் 10, தோக்கியோ

அக்கா,

தலைமை வேலை விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் அலுவலகக் கழிப்பறையில் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வகுயி வந்து கதவைத் தட்டினார்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பரிகாரமாக ஒன்று செய்திருக்கிறேன். நேற்று எங்கள் தளத்தில் இன்னொரு கட்டுரை வந்தது. 'உமிசோவை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்.' கடைசி இடம் கொடுத்தது அவசரம் என்று ஒப்புக்கொண்டு, நல்லதை எல்லாம் எழுதினேன். ஒரு பிராணியும் குறுக்கே வராத அந்த நீளக் கடற்கரையைப் புகழ்ந்தேன். கரையோரத்து முடிதிருத்தும் கடையைப் பற்றியும் எழுதினேன். எப்போது போனாலும் வாடிக்கையாளரிடம் மகளைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாரே அந்தக் கடைக்காரர், எவ்வளவு வேடிக்கை என்று. நம் வீட்டை நீ அங்கே கொண்டுவைத்தது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று சிரித்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போய் அப்பாவிடம் முடிவெட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் மீன்கடைக்காரர் முகத்தில் நுரையோடு படுத்திருந்தார். "மூத்தது வருதா?" என்று அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "வேலை இருக்காம்" என்றேன். "பொம்மை வரையறதுக்குப் பேரு வேலையாம்" என்று மீன்கடைக்காரரிடம் சொன்னார். பிறகு என் பிடரியில் கத்தியை ரொம்ப நேரம் ஓட்டாமல் வைத்திருந்தார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

கல்யாணத்தில் உன் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறேன். சிகுசாவிடம் சொல்லிவிட்டேன், அது அக்காவுடையது என்று.

ரியோஹே

*

செப்டம்பர் 14, கியோத்தோ

ரியோஹே,

உன்னை யார் கேட்டது?

நாம் அக்கா தம்பி என்று ஒரு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். சுசாகி என்ற பெயரை ஒளித்தா வைத்திருந்தாய்? முதலில் நான் தூங்குமூஞ்சி. இப்போது தம்பியை விட்டுப் புகழ்ந்து எழுதச் சொன்னவள். இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சின்னப் பெண், நல்ல பிள்ளைதான், "உங்க தம்பி ரொம்பப் பாசம் போல" என்றாள். ஊறுகாயை மென்றுகொண்டே சும்மா தலையாட்டினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கடைக்காரர் 'எப்போது போனாலும்' மகளைக் குறை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எப்போதுமா?

நீ உமிசோவை முடிக்கவே இல்லை. முடித்தவன் இப்படி எழுத மாட்டான். முடிக்காத விளையாட்டுக்குக் கடைசி இடம் கொடுத்து, முடிக்காமலே அதைப் புகழ்ந்தும் இருக்கிறாய். இரண்டில் எதற்காக அதிகம் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

பதில் எழுதாதே. முதலில் முடி.

கனாயே

*

செப்டம்பர் 29, தோக்கியோ

அக்கா,

முடித்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. முடித்ததில்லை. உமிசோ வெளிவந்த வருஷமே வாங்கினேன், நாலு முறை ஆரம்பித்தேன். கடற்கரை வரும், நடப்பேன், கடைக்குள் நுழைந்து அப்பா மாதிரியே பேசும் அந்த ஆளைப் பார்ப்பேன், அதோடு அணைத்துவிடுவேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேலே போக மனம் வராது. பட்டியலுக்கு மார்க் போட்டபோது மற்றவர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்துப் போட்டேன். இதை வகுயியிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த முறை விடுப்பு எடுத்து உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், இனி உனக்குப் பொய் எழுத முடியாது. மலைப்பகுதி சுமார்தான். மூன்று ஊர்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. பனிக்குகையில் வழி தெரியாமல் எரிச்சல் வந்தது. என்னைக் கேட்டால் கடைசியிலிருந்து மூன்றாவது. கடைசி இல்லை.

எதிராளிகள் எல்லோரையும் ஜெயித்த பிறகு, கதை முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு, கரைக்குத் திரும்பி நடந்தேன். எதுவும் குறுக்கே வரவில்லை. கடைக்குள் போனேன். நாற்காலியில் ஆள் இல்லை. கடைக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பேசினேன்.

"அன்னைக்கு நான் சொன்னது வந்தவங்களுக்காக. பொண்ணைப் பார்த்தா சொல்லிடு."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி பேசினேன், மறுபடியும் அதையே சொன்னார். எத்தனை முறை அந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று தெரியாது. சிகுசா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இந்த ஒரு வரி உள்ளே இருக்கும் நிலத்தை, அந்தக் கடைக்காரர் செய்த அதே வேலையைச் செய்து, நாலு பேர் சிரிக்கக் கடைசியில் தள்ளினேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை அக்கா. நான் சொன்னதும் வந்தவங்களுக்காகத்தான்.

ரியோஹே

*

அக்டோபர் 6, கியோத்தோ

ரியோ,

மூன்றாவது சரியான இடம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். மலை ஊர்களை வரையும்போது காலக்கெடு கழுத்தை நெரித்தது, ஒன்றை வரைந்து மூன்றாக்கினேன். அதை யாராவது நேராகச் சொல்ல மாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

கரையில் பிராணிகளை விடச் சொல்லி இயக்குநர் ரொம்பக் கேட்டார். விட மாட்டேன் என்று நின்றேன். கடையிலிருந்து துறைமுகம் வரை ஒருவரும் நிறுத்தாமல் ஒரு பெண் நடந்து போகட்டும் என்று நினைத்தேன். ஹமாதாவில் எனக்கு அது ஒருநாளும் நடக்கவில்லை. வாசலுக்கு வாசல் "என்ன கனாயே, இன்னும் பொம்மைதானா?" என்பார்கள்.

ஆனால் அந்த வரியை என்னிடம் திருப்பிச் சொல்லாதே. அதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான் நானே எழுதினேன். எழுதிய அன்று அழுதேன், பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது உன் கடிதத்தில் அதைப் பார்த்தபோது வெறுப்பாக இருந்தது. தாழ்த்தும்போது ஊர் கேட்க வேண்டும், உயர்த்தும்போது யாரும் இருக்கக் கூடாது என்றால் அது என்ன கணக்கு? ஆள் போன பிறகு காதோடு சொல்வதில் எனக்கு என்ன கிடைக்கும்? உமிசோவில் பெரிய பிழை ஒன்று உண்டு. உங்கள் ஐந்து பேருக்கும் தெரியவில்லை. இன்று வரைந்தால், நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, அவர் காதில் விழும்படி அந்தக் கடைக்காரரைச் சொல்லவைப்பேன்.

உன் மன்னிப்பும் அந்தக் காலி நாற்காலி மன்னிப்புதான்.

சிகுசாவுக்கு என் அன்பு. டீ வைத்துவிட்டுப் பேசாமல் போகத் தெரிந்த பெண். நீ கொடுத்துவைத்தவன்.

கனாயே

*

அக்டோபர் 24, தோக்கியோ

அக்கா,

சனிக்கிழமை உன் வாசலில் நான் ஏதோ உளறியிருப்பேன். ரயிலில் வழி பூராவும் மனப்பாடம் செய்தது கதவு திறந்ததும் மறந்துபோனது. நீ யோகான் பையை வாங்கிக்கொண்டாய், உள்ளே வா என்று சொல்லவில்லை. அது சரிதான். தோக்கியோவிலிருந்து தூக்கி வந்ததில் கை உண்மையாகவே வலித்தது.

அன்று சொல்ல வந்தது இதுதான். வகுயியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியலை எடுத்துவிடச் சொன்னேன், முடியாது என்றார். அதன் அடியில் ஒரு குறிப்பு சேர்க்க மட்டும் சம்மதித்தார். 'இதை எழுதியபோது நான் உமிசோவை விளையாடி முடித்திருக்கவில்லை. அதை வரைந்தவர் என் அக்கா. சொந்த ஆள் என்ற கூச்சத்தில்தான் கடைசி இடம் கொடுத்தேன். சுசாகி ரியோஹே.' நேற்றிலிருந்து இருக்கிறது. திட்டிக்கொண்டிருக்கிறார்கள், இந்த முறை என்னை. "இனிமே நீ பட்டியல் எழுத வேணாம்" என்று வகுயி சொல்லிவிட்டார். விலைப்பட்டியல், வெளியீட்டுத் தேதிகள், இனி அவைதான் என் வேலை. உன் குகைக்குப் பக்கத்து அறை என்று வைத்துக்கொள்.

இதனால் உனக்குத் தலைமை வேலை திரும்பாது என்று தெரியும். அதை நினைக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தில் அறிமுகம் அப்பாதான் செய்வார். அதை நான் தடுக்க முடியாது, அவர் வாயை மூட முடியாது. பக்கத்தில் நிற்பேன் என்பதை மட்டும் சொல்லலாம். இடம் இருக்கிறது.

ரியோஹே

*

டிசம்பர் 18, கியோத்தோ

ரியோ, சிகுசாவுக்கும் சேர்த்து,

குளிர் ஆரம்பித்துவிட்டது, போர்த்திக்கொள்ளுங்கள். பார், முறைப்படி ஆரம்பித்திருக்கிறேன்.

நான் கல்யாணத்துக்குக் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றதற்கு மண்டபத்துக்காரர்களிடம் நீ எத்தனை முறை தலை வணங்கினாய் என்று சிகுசா சொன்னாள். அப்பா பெண் வீட்டார் முன்னால் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பினார். "இது மூத்தவ, கனாயே. விளையாட்டுக் கம்பெனியில ஏதோ வரையறா. பெருசா ஒண்ணும் இல்ல." நான் தரையைப் பார்த்துக் குனியத் தொடங்கினேன். அப்போது உன் குரல்.

"இல்ல. பெருசுதான்."

மாப்பிள்ளை பேசக் கூடாத நேரம். சிகுசாவின் மாமா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தையை அறிமுகம் செய்யப் போய்விட்டார். நான் குனிந்தபடியே இருந்துவிட்டேன், முகத்தை நிமிர்த்தும் நிலையில் இல்லை. பிறர் முன்னால் சொன்னாய். எனக்கு அது போதும், இனி அந்தப் பட்டியலைப் பற்றி எழுதாதே.

இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. நானும் அப்பாவும் ஒரே ரயிலில் திரும்பினோம். நான் கியோத்தோவில் இறங்க வேண்டும், அவர் ஹிரோஷிமா போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். நகோயா வரும்போது சாப்பிட்டோம். தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த முட்டை ரோலை மட்டும் எடுத்து என் பெட்டியில் வைத்தார். பிறகு, "பொண்ணு வீட்டுக் குட்டிப் பிள்ளை ஒண்ணு சொல்லுச்சு. நீ வரைஞ்சதுல நம்ம கடை இருக்காமே" என்றார்.

"இருக்குப்பா."

"நாற்காலி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"சன்னல் பக்கம். நம்ம கடை மாதிரியே."

தலையாட்டினார். வெளியே பார்த்துக்கொண்டே, "ஆள் இருக்காங்களா?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. என் வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை ரியோ, அது அவருக்குத் தெரியவே தெரியாது. முடிவெட்டுகிறவர் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு நாற்காலியில் ஒன்றை அவர் போன மாதம் துணி போட்டு மூடிவிட்டாராம். மீன்கடைக்காரர் தவிர வழக்கமாக வருகிறவர்கள் குறைந்துபோனார்கள் என்று அத்தை சொன்னாள்.

நானோ எனக்கு ஒரு வரி வேண்டும் என்பதற்காக முடிவில் அவர் கடையை ஆளில்லாமல் செய்து, நாடு முழுக்கப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி வைத்திருக்கிறேன். அவர் என்னைத் தாழ்த்தியது பாதி ஊருக்கு முன்னால். நான் செய்தது அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு முன்னால். ஒரு தரம்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்காலி காலியானால்தான் அவர் பேசுவார் என்று மட்டும் நினைத்தேன்.

"இருக்காங்கப்பா" என்றேன். "எப்பப் போனாலும் ஆள் இருக்கும். வெளியில ரெண்டு பேர் காத்துக்கிட்டு நிப்பாங்க."

"அப்படியா" என்றார். சாப்பாட்டுப் பெட்டியை மூடிக் கட்டிவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்க" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

அவர் பாராட்டியது நான் வரையாத கடையை. கியோத்தோ வந்தது, நான் இறங்கிவிட்டேன்.

கனாயே